மியூசியம் ஒரு நாள், வீடு பல வருஷம்: பிள்ளைகளோடு நகரம் மாறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளோடு புது நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் என்னிடம் இரண்டு விஷயம் கேட்பார்கள். "வீடு பார்க்க வர்றோம், எந்த மாதிரி ஏரியா பார்க்கலாம்?" என்பது ஒன்று. "வந்த இடத்துல பசங்களை ஏதாவது மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் நிபுணர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்து, மூன்று முறை வீடு மாறி, அதில் ஒரு முறை நன்றாக ஏமாந்தவள்.

வீடு தேடுவதற்கும் மியூசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

வீடு பார்க்கப் போகும் நாளில் பெரியவர்கள் சுவரைத் தட்டுவார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். பிள்ளை ஓரமாக நின்று "எப்போ போகலாம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். வீடு எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அந்த ஏரியாவில் பிள்ளையோடு ஒரு நாள் எப்படிக் கழியும் என்பது தெரியாது.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மனதுக்குப் பிடித்த ஏரியாவிலிருந்தே காலையில் கிளம்புவது. பஸ்ஸோ ரயிலோ பிடித்து மியூசியத்துக்குப் போவது. சாயங்காலம் அதே ஏரியாவுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் நடப்பது. அங்கேயே குடியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். தூங்கி வழிகிற நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிறுத்தத்திலிருந்து நடக்கிற கடைசிப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, இல்லை வண்டிகளைச் சுற்றிச் சுற்றி ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறதா? உட்கார ஒரு திண்ணையோ பெஞ்சோ உண்டா? ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்கிறோம்? கை நிறையப் பையும் தோளில் பிள்ளையும் இருக்கும்போது இதையெல்லாம் உடம்பே கவனிக்கும்.

எந்த வயதிலிருந்து மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாம்?

எந்த வயதிலும். கைக்குழந்தை உண்மையில் சுலபம், பாதி நேரம் தூங்கிவிடும். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வரைதான் கொஞ்சம் சிக்கல்: ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. அந்த வயதுக்கு நீளமான வராந்தா, முற்றம், அகலப் படிக்கட்டு உள்ள கட்டடமாகப் பாருங்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாம்பட்சம்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்?

ஒரு மணி நேரம். தாராளமாகப் போனால் ஒன்றரை. டிக்கெட் எடுத்தாயிற்றே என்று நாலு மணி நேரம் இழுத்தால் கடைசி இரண்டு மணி நேரத்தில் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்தக் களைப்புக்குப் பெரிய வரலாறே உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு ஆளிடம் சில கேள்விகளைக் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். அந்த ஆள் குனிந்ததையும், மண்டியிட்டதையும், கழுத்தை வளைத்து எக்கியதையும் வரிசையாகப் புகைப்படம் எடுத்தார். களைப்புக்குக் காரணம் பார்க்கிறவருடைய சோம்பல் இல்லை, பொருள்களை வைத்திருக்கிற விதம் என்பது அவர் வாதம். 'மியூசியம் களைப்பு' என்ற பேச்சு புழக்கத்துக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

வளர்ந்த ஆளுக்கே இந்தப் பாடு. ஐந்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படங்களையும் விளக்க அட்டைகளையும் பெரும்பாலும் பெரியவர்களின் கண்மட்டத்துக்கு மாட்டுகிறார்கள். பாரிஸின் லூவ்ரில் இருக்கும் மோனாலிசா ஓவியம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம்தான். அதன் முன்னால் நிற்கிற கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையை விட்டால், அது பார்ப்பது நூறு பேருடைய முதுகுப் பைகளை. ஒரு தடவை நீங்களே முழங்காலிட்டுப் பாருங்கள். கண்ணாடியில் விளக்கின் பளபளப்பைத் தவிர வேறொன்றும் தெரியாத பெட்டிகள் எத்தனை என்று புரியும்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்று பிள்ளை கெஞ்சும்போதே வெளியே வந்துவிடுங்கள். அடுத்த தடவை தானாகக் கிளம்பும்.

அவ்வளவு தூரம் போய்விட்டு எல்லாவற்றையும் பார்க்காமல் வருவதா?

ஆமாம். இதைச் சொல்லி என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அவருக்கு நுழைவாயிலில் வரைபடத்தை வாங்கி, முதல் அறையிலிருந்து வரிசையாகப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வரிசை கிடையாது.

எங்கள் பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும்போது, பறவைகள் கூடத்தில் ஒரு கூட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தையல்சிட்டின் கூடு: இலையின் ஓரங்களை மடித்து, அலகால் துளை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தைத்திருந்தது. "ஊசி எங்கே?" என்றாள். அலகுதான் ஊசி என்றேன். நம்பவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்து ஒவ்வொரு தையலாக எண்ணினாள். அப்பா பக்கத்து அறையில் யானை எலும்புக்கூடு இருக்கிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் அசையவில்லை. இருபது நிமிடம் போயிற்று. அன்றைக்கு நாங்கள் பார்த்தது அந்தக் கூடு, ஒரு முதலை, கழிப்பறை. வீட்டுக்கு வந்ததும் செடியிலிருந்து இலையைப் பறித்துவந்து என் ஊசி நூலைக் கேட்டாள். இலை கிழிந்தது. இன்னொரு இலை. அதுவும் கிழிந்தது. நாலாவது இலையில் தையல் நின்றது.

எனவே போவதற்கு முன் ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதைப் பார்க்கலாம் என்று பிள்ளையே சொல்லட்டும். அது கதவுத் தாழ்ப்பாளாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பையன் ஒரு முறை, கூடங்களில் காவலர்கள் உட்காரும் நாற்காலிகளை எண்ணிக்கொண்டே வந்தான். 14. எல்லா அறைகளையும் அவன்தான் முழுதாகப் பார்த்தான்.

"தொடாதே, தொடாதே" என்று சொல்லியே ஓய்ந்துபோகிறோம். என்ன செய்வது?

காரணத்தைச் சொல்லுங்கள். நம் விரலில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. உலோகத்தில் பட்டால் அரிக்கும், கல்லில் பட்டால் கறை ஏறும். ஒரு ஆள் தொட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் தினமும் ஆயிரம் பேர் தொடுவார்கள். இதை வீட்டிலேயே காட்டலாம்: துடைத்த ஜன்னல் கண்ணாடியில் விரலை அழுத்தச் சொல்லி, சாய்வாகப் பார்க்கச் சொல்லுங்கள். தன் ரேகையைத் தானே பார்த்த பிள்ளை மியூசியத்தில் அடுத்த பிள்ளையை அதட்டும்.

"ஏன் இவ்வளவு இருட்டு?" என்றும் கேட்பார்கள். பழைய துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் இவற்றின் மேல் வெளிச்சம் சுமார் 50 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்வது பல அருங்காட்சியகங்களின் வழக்கம். வெளியே வெயிலில் அது பல்லாயிரம் லக்ஸ். வெளிச்சம் பட்டுப் போன நிறம் திரும்ப வராது. ஒரு வண்ணக் காகிதத்தின் பாதியை மறைத்து வெயில் படும் ஜன்னலில் சில வாரம் வைத்துவிட்டால் போதும், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இருட்டு அறைக்குள் நுழைந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகியதும் துணியின் பூவேலை மெல்ல மெல்லத் தெரியவரும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வித்தை.

குழந்தைகளுக்கென்றே இருக்கும் மியூசியம் நல்லதா, பொதுவான பெரிய மியூசியமா?

இரண்டும் வேறு வேறு அனுபவம். குழந்தைகளுக்கென்றே முதன்முதலில் திறக்கப்பட்டது நியூயார்க்கின் புரூக்ளினில், 1899-இல். தொட்டு, திருகி, தள்ளிப் பார்க்கிற அறிவியல் கூடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம். இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் அதைத் தொடங்கினார். அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. ஆராய்ச்சி வேலையை இழந்து பல வருஷம் மாடு வளர்த்து, அப்புறம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் கையால் செய்துபார்த்தால் என்ன நடக்கும் என்பதை வகுப்பறையில் கண்டவர் அவர்.

என் விருப்பத்தைக் கேட்டால், பொத்தான் அமுக்குகிற இடத்துக்கு மழை நாளில் போங்கள். ஆற்றல் தீர்ந்து தூங்குவார்கள். நினைவில் நிற்கப்போவது பெரும்பாலும் பெரிய, பழைய, கொஞ்சம் பயமுறுத்துகிற கட்டடங்கள்தான்.

பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு மூன்று. இருவரையும் சமாளிப்பது எப்படி?

பிரிந்துவிடுங்கள். ஒருவர் ஒரு பிள்ளை, முக்கால் மணி நேரம், அப்புறம் வாசலில் சந்திப்பு. ஒரே ஆளாகப் போகிறீர்கள் என்றால் சின்னதின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பெரியவனிடம் கேமராவைக் கொடுத்துவிடுங்கள், ஃபிளாஷை அணைத்து.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

தண்ணீர், மாற்று உடை, பென்சில், சின்ன நோட்டு. பேனா வேண்டாம், பல கூடங்களில் அனுமதிப்பதில்லை. தள்ளுவண்டி கொண்டுபோனால் லிஃப்ட் எங்கே என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சரி, ஏரியாவுக்கு வருவோம். 'குழந்தைகளுக்கு ஏற்ற ஏரியா' என்றால் என்ன?

பிள்ளை ஒரு நாள் தனியாக எங்காவது போய்வர முடிகிற ஏரியா. மூன்று வயதில் இல்லை, எட்டிலோ ஒன்பதிலோ. மூலைக் கடை வரைக்கும், சிநேகிதி வீடு வரைக்கும், நூலகம் வரைக்கும். இன்றைக்கு உங்கள் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் வீடு மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அதே மாதிரி விசாரித்தபோது 9 சதவீதம். மேயர் ஹில்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் கணக்கெடுத்தது (மேயர் என்பது அவர் பெயர், பதவி இல்லை). அந்தக் காலத்தில் சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததைச் சொல்லி, ரோடு பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு பேசியது. ஹில்மன் சொன்னது வேறு: ரோடு பாதுகாப்பாகவில்லை, பிள்ளைகளை ரோட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

அதனால் விபத்துக் கணக்கை மட்டும் பார்த்து ஏரியாவை எடைபோடாதீர்கள். தெருவில் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்களா என்று பாருங்கள்.

தெரு பாதுகாப்பானதா என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

வண்டிகளின் வேகம்தான் முதல் விஷயம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் பிள்ளையைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி 14 மீட்டர் வந்துவிடும், வேகம் கொஞ்சமும் குறையாமல். 30 கிலோமீட்டரில் வருகிற வண்டி, காய்ந்த ரோட்டில், அந்த 14 மீட்டருக்குள்ளேயே முழுக்க நின்றிருக்கும். வேகமாக வருகிற வண்டி எவ்வளவு வேகம் என்று கணிக்கத் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால் முடியாது. எத்தனை அறிவுரை சொன்னாலும் அது வளர்ந்தால்தான் வரும். எனவே பிள்ளையைப் பழக்குவதைவிட வண்டி மெதுவாகப் போகிற தெருவைத் தேடுவது புத்திசாலித்தனம்: ஒடுங்கிய தெரு, வளைவு, வேகத்தடை, ஒரு பக்கம் அடைத்த முட்டுச்சந்து.

இரண்டாவது, எத்தனை வண்டி. 1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகர வடிவமைப்பாளர் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டி, ஒன்றில் 8,000, இன்னொன்றில் 16,000. வண்டி குறைவான தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். வண்டி அதிகமான தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9. "உங்கள் வீடு எதுவரைக்கும்?" என்று வரைந்து காட்டச் சொன்னபோது அமைதியான தெருக்காரர்கள் தெருவையும் சேர்த்து வரைந்தார்களாம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்காரர்கள் இதையே வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். தெருவில் மேடு, மரம், பெஞ்ச் வைத்து வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'வூன்எர்ஃப்' என்று பெயர். தமிழில் குடியிருப்பு முற்றம் என்று சொல்லலாம். 1976-இல் சட்டமே வந்துவிட்டது, அங்கே வண்டிக்காரர்தான் விருந்தாளி. 'வூன்எர்ஃப்' என்ற பலகை உங்கள் நகரத்தில் இல்லாவிட்டாலும், பந்து உருண்டு வந்தால் வண்டிக்காரர் நிறுத்துகிற தெரு எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

பக்கத்திலேயே பெரிய பூங்கா இருக்கிறது. அது போதாதா?

நான் ஏமாந்தது இதில்தான். "பூங்கா அஞ்சு நிமிஷம்" என்றார் வீடு காட்டியவர். உண்மைதான், ஐந்தே நிமிடம். நடுவில் ஆறு வழிச் சாலை இருந்ததை அவர் சொல்லவில்லை, நாங்கள் காரில் போனதால் எங்களுக்கும் உறைக்கவில்லை. சிக்னல் இருந்த இடத்துக்குச் சுற்றிப் போனால் பதினெட்டு நிமிடம். பச்சை விளக்கு, என் பையன் பாதி ரோடு தாண்டுவதற்குள் அணைந்துவிடும். மூன்று வருஷத்தில் அந்தப் பூங்காவுக்கு எண்ணிப் பத்து தடவை போயிருப்போம். மொட்டை மாடியிலிருந்து மரங்கள் அழகாகத் தெரிந்தன.

தூரத்துப் பெரிய பூங்காவைவிட வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திடல் மேல். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947-இல் தொடங்கி 30 ஆண்டுகளில் 700-க்கு மேற்பட்ட விளையாட்டுத் திடல்களை அமைத்தார். காலி மனை, தெருமுனை, போரில் இடிந்த இடம் என்று எது கிடைத்தாலும் அங்கே ஒரு மணல்தொட்டி, சில கம்பிகள், தாவிச் செல்லக் கற்கள். நிறையப் பேர் மணலுக்கு வந்தார்கள் என்றால், அது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் என்பது என் எண்ணம்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

பள்ளி விடுகிற நேரம். அந்த அரை மணி நேரத்தில் ஏரியாவின் குணம் தெரியும். பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, வண்டி வரிசையில் ஏறுகிறார்களா? வந்தவர்கள் நின்று பேசுகிறார்களா? அப்புறம் ஒரு தடவை மழை பெய்த மறுநாள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க. இன்னொரு தடவை இரவு எட்டு மணிக்கு மேல்.

நல்ல பள்ளி இருந்தால் மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம் இல்லையா?

ஓரளவுக்கு. தினமும் போகவர ஒன்றரை மணி நேரம் வண்டியில் உட்கார வைக்கிற சிறந்த பள்ளியைவிட, நடந்து போகிற சுமாரான பள்ளி எனக்குப் பிடிக்கும். என் தங்கை இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நகரத்தின் நடுவிலா, புறநகரிலா?

நடுவில் வீடு சின்னது, வெளி பெரிது, புறநகரில் நேர்மாறு. மழலைக்கு வீட்டுக்குள் இடம் வேண்டும், பத்து வயதைத் தாண்டினால் வெளியே இடம் வேண்டும். எங்கள் அனுபவத்தில் புறநகரில் பெரிய வீடு எடுத்தவர்கள், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானபோது ஓட்டுநர் வேலை பார்த்தார்கள்.

பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்கலாமா? சொல்லத் தெரியுமா?

நேராகக் கேட்டால் "தெரியல" என்பார்கள். நகரத் திட்டமிடலிலேயே பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று 1991-இல் இத்தாலியின் ஃபானோ நகரத்தில் பிரான்செஸ்கோ டொனூச்சி என்ற கல்வி ஆராய்ச்சியாளர் தொடங்கிவைத்தார். வீட்டளவில் அதற்கு ஒரு காகிதம் போதும். மியூசியம் போய்வந்த நாளின் இரவு, "இன்னைக்குப் போன வழியை வரைஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள்.

எங்கள் பையன் வரைந்த முதல் ஏரியாவின் படத்தில் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை, அதில் கார்கள், வேறொன்றும் இல்லை. இரண்டாவது ஏரியாவின் படத்தில் மியூசியம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. நடுவில் ஒரு மதில், மதில் மேல் பூனை, சைக்கிள் பழுது பார்க்கிறவர், இரண்டு படி, படியில் உட்கார்ந்திருக்கிற அவன். எந்தப் படி என்று எனக்கு நினைவில்லை. குடிபோன மறுநாள் கூட்டிப் போய்க் காட்டினான்.